படித்துவிட்டு நகராதீர்கள், ஒரு வரி எழுதுங்கள்: அறுபதைத் தாண்டியவர்களுக்கான கேள்வி பதில்

ஏதோ ஒரு இணையக் குழுவில் இருக்கிறீர்கள். பழைய பாடல், தோட்டம், கணக்கு, பறவைகள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், எதுவாகவும் இருக்கலாம். தினமும் ஒன்று விடாமல் படிக்கிறீர்கள், ஆனால் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. அல்லது சேரச் சொல்லி யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் கேள்வி எதுவோ அங்கே போய்விடுங்கள்.

இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம்?

உங்களுக்கு எதற்கு என்பது அப்புறம். குழுவுக்கு நீங்கள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரியவர்களை இணையத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் "பொழுது போகும், தனிமை தெரியாது" என்று ஏதோ அவர்களுக்கு உபகாரம் செய்வது போலவே பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

இப்படி வைத்துக்கொள்வோம். குழுவில் ஒரு இளைஞர் படம் ஒன்றைப் போடுகிறார். தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததாம். அளவுகோல் மாதிரி இருக்கிறது, நடுவில் ஒரு பட்டை நகர்கிறது, மேலே சின்னதாக ஒரு கண்ணாடி, கோடுகள் சீராக இல்லாமல் போகப் போக நெருங்குகின்றன. இது என்ன என்று கேட்கிறார். கீழே வரிசையாக ஊகமும் கிண்டலும் வந்து விழுகின்றன. அப்போது ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுதுகிறார்: "இது ஸ்லைடு ரூல். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் இதில்தான் பெருக்கினோம். நகரும் பட்டையில் சி அளவு இருக்கும், அதன் 1-ஐக் கீழே டி அளவில் உள்ள 2-க்கு நேராக வையுங்கள். இப்போது சி-யில் 3 எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் கீழே பாருங்கள், 6 இருக்கும். மடக்கை முறையில், அதாவது லாகரிதப்படி, போட்ட கோடுகள், அதனால்தான் நெருங்கிக்கொண்டே போகின்றன."

இது புத்தகத்திலும் கிடைக்கும், சரி. ஆனால் அந்த இளைஞர் அடுத்து, "20-ஐ 30-ஆல் பெருக்கினாலும் இதே இடத்தில்தானே வந்து நிற்கும், 6-ஆ 600-ஆ என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்ல அந்தப் பட்டையைக் கையில் வைத்து வேலை பார்த்தவர் வேண்டும். "அது தெரியாது தம்பி, உத்தேசமாக எவ்வளவு வரும் என்பதை மனதில் போட்டு வைத்துக்கொண்டுதான் பட்டையையே நகர்த்துவோம், தசமப் புள்ளி எங்கள் பொறுப்பு." ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் எச்பி-35 என்ற சட்டைப்பைக் கால்குலேட்டரைக் கொண்டுவந்தது 1972-இல். அடுத்த சில வருடங்களில் ஸ்லைடு ரூல் மேசையை விட்டே போய்விட்டது. அதை வைத்து வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டால் அந்தக் கேள்வி ஊகத்தோடும் கிண்டலோடும் முடிந்துபோகும்.

நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. தந்தி அலுவலகம், அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தது, பிரசவ வார்டு, தறி, தொலைபேசி இணைப்பகம், ஒரே வகுப்பறையில் முப்பது வருடம் என்று எங்கே இருந்திருந்தாலும் உங்களிடம் மட்டும் இருக்கிற விஷயம் ஒன்று இருக்கும்.

தினமும் படிக்கிறேனே, அது போதாதா?

படிப்பது ஒன்றும் குற்றமில்லை. குழுக்களில் பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஜேகப் நீல்சன் என்ற இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் 2006-இல் இதை ஒரு உத்தேசக் கணக்காகச் சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 ஆள்தான் ஓயாமல் எழுதுவார். ஒவ்வொரு குழுவிலும் எண்ணிக்கை மாறும், ஆனால் எந்தக் குழுவை எடுத்தாலும் ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருக்கும்.

இதன் விளைவு என்னவென்றால், அந்த ஒருவருடைய கருத்தே குழுவின் கருத்தாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அவர் தவறாக ஒன்றைச் சொன்னால், தெரிந்த 90 பேரும் "நமக்கு எதற்கு வம்பு" என்று நகர்ந்துவிட, தவறு அப்படியே நிற்கும். எப்போதாவது எழுதும் அந்த ஒன்பது பேரோடு பத்தாவதாக நீங்கள் சேர்ந்தால் போதும். மாதத்துக்கு இரண்டு பதில் என்றாலும் கணக்குதான்.

நான் தினமும் நிறைய ஃபார்வேர்டு செய்கிறேனே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், அது கலந்துகொள்வதில் சேராது. பூப்போட்ட காலை வணக்கப் படம் பத்துப் பேருக்கு ஒரு நொடி சந்தோஷம் தரலாம், ஆனால் அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அதே நேரத்தில் "நேற்று நீங்கள் போட்ட படம் அருமை, அது எந்தப் பறவை?" என்று ஒருவருக்கு எழுதியிருந்தால் ஒரு பேச்சு தொடங்கியிருக்கும்.

வதந்தி வேறு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது உங்களிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து முறை கைமாறிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் அவர்களே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இரட்டை அம்பைக் கண்டால் கை தானாக நின்றுவிட வேண்டும், முக்கியமாக மருந்து, நோய், வங்கி பற்றியதாக இருந்தால். எழுதியவர் யார் என்று தெரியாத எதையும் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். "பெரியவர் அனுப்பியிருக்கிறார், சரியாகத்தான் இருக்கும்" என்று நம்புகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

முதன்முதலில் என்ன எழுதுவது? கை வர மாட்டேன் என்கிறது.

தன்னறிமுகக் கட்டுரை வேண்டாம். பலர் அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பிறந்தது முதல் ஓய்வுபெற்றது வரை நான்கு பத்தி எழுதி, திருப்தி இல்லாமல் அழித்து, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

யாராவது கேட்டிருக்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சுலபமான வாசல். உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றாக இருக்கட்டும், மூன்று வரி போதும். "நான் இந்த வேலையில் இருந்தவன்" என்று ஒரு வாக்கியத்தை அதிலேயே வைத்துவிட்டால் அறிமுகமும் முடிந்தது. பதில் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். பெரியவர்கள் குழுவில் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற எண்ணம். உண்மையில், ஒரு எழுபது வயதுக்காரர் வந்து "இது எனக்குப் புரியவில்லை, யாராவது சொல்லுங்கள்" என்றால் விளக்கம் சொல்ல ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

பாராட்டும் நல்ல தொடக்கம்தான், ஆனால் வெறும் "அருமை" வேண்டாம். எது அருமை என்று சொல்லுங்கள்.

எனக்குத் தமிழில் டைப் செய்ய வராதே?

இன்று இது ஒரு தடையே இல்லை. ஆன்ட்ராய்டு போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். 2017 முதல் இந்த வசதி தமிழுக்கு இருக்கிறது. கொஞ்சம் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுங்கள். புள்ளி, கமா போடாது, பெயர்களில் தடுமாறும், வட்டார வழக்கில் பேசினால் விசித்திரமாக எதையாவது எழுதி வைக்கும், அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள். விரலால் திரையில் எழுதினால் எழுத்தாக மாற்றும் முறையும் அதிலேயே இருக்கிறது. பேனா பிடித்தே பழகிய கைகளுக்கு அது பிடித்துப்போகும்.

இன்னொன்று, பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் வேலை செய்தவர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கணினியில் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் அதே பழைய தட்டச்சு அமைப்பு இருக்கிறது, விரல்கள் தானாகவே இடம் கண்டுபிடித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1999-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பழகலாம், அதற்குச் செல்லினம் செயலி நன்றாக இருக்கிறது. ஆங்கில எழுத்தில் "ammaa" என்று தட்டினால் தமிழில் வரும் முறையும் உண்டு. எது கைக்கு வருகிறதோ அதுவே சிறந்தது, இதில் மற்றவர்களோடு வாதம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வாதம் செய்ய நிறையப் பேர் கிடைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எழுத்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். போனில் செட்டிங்ஸ், அதில் டிஸ்பிளே, அதில் எழுத்தின் அளவைக் கூட்டும் இடம் இருக்கும். வாட்ஸ்அப்பில் தனியாகவும் கூட்டலாம்: செட்டிங்ஸ், சாட்ஸ், ஃபான்ட் சைஸ். படுத்துக்கொண்டு ஒரு கையால் போனைத் தூக்கிப் பிடித்துப் படிப்பதை விடுங்கள், கழுத்துக்கும் நல்லதில்லை, முகத்தில் விழுந்தால் மூக்குக்கும் நல்லதில்லை.

எழுத்துப் பிழை வந்தால் சிரிப்பார்களே?

உங்களைவிடச் சின்னவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? லகர ளகரம் எல்லாம் காற்றில் பறக்கும். யாரும் சிரிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம், பேஸ்புக்கில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடத்துப் பயம். சிவப்பு மையால் யாராவது வட்டம் போட்டுவிடுவார்களோ என்று. குழுவில் அந்த வேலையைச் செய்கிறவர் ஓரிருவர் எப்போதும் இருப்பார்கள்தான், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அது நீங்களாகவே இருந்தால் ஒரு வேண்டுகோள்: மற்றவர்கள் சொல்ல வந்ததற்கு முதலில் பதில் சொல்லுங்கள், பிழையைத் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

"பூமர் அங்கிள்" என்று சொல்லிவிட்டால்?

சொல்வார்கள், பழமை பேசும் பெரியவர் என்ற கிண்டல்தான் அது. அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சும்மா விளையாட்டுக்கு. அதற்கு "ஆமாம், வருகை தந்திருக்கிறேன்" என்று நீங்களும் சிரித்துவிட்டால் அடுத்த நிமிடமே உங்களைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, நீங்கள் சொன்ன விதத்தில் உண்மையாகவே ஏதோ உறுத்தியிருக்கிறது. "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று தொடங்கும் வாக்கியங்களும், கேட்காத அறிவுரையும், பெண்களின் உடை பற்றிய கருத்தும்தான் பெரும்பாலும் இந்தப் பட்டத்தை வாங்கித் தருகின்றன. பழைய காலத்தைப் பற்றிப் பேசுங்கள், அதைக் கேட்கத்தான் ஆசைப்படுகிறார்கள். அதை வைத்து இந்தக் காலத்தை அடிக்காதீர்கள், அவ்வளவுதான். அந்த ஸ்லைடு ரூல்காரர் "இப்போதைய பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே தெரியாது" என்று தொடங்கியிருந்தால் யாரும் இரண்டாவது வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

இளையவர்களுக்கு வயதானவர்களைப் பிடிக்காது என்பதெல்லாம் பொய். 1927-இல் பிறந்த பீட்டர் ஓக்லி என்ற இங்கிலாந்துக்காரர் 2006-இல் யூடியூபில் கேமரா முன் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இளமையில் ராடார் மெக்கானிக்காக இருந்தவர். நாற்காலி, ஹெட்போன், அமைதியான குரல், வேறு எந்த ஜோடனையும் இல்லை. அன்றைய யூடியூபில் இளைஞர்கள்தான் நிறைந்திருந்தார்கள், அவர்கள்தான் கூட்டமாக வந்து பின்தொடர்ந்தார்கள். சில வாரங்களுக்கு அங்கே மிக அதிகச் சந்தாதாரர்களைக் கொண்டவராகவே இருந்தார். அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேரன் வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே?

திரையில் அவனுக்குத் தெரிவது பெயர் மட்டும்தான், வயது தெரிவதில்லை. வருத்தமாக இருந்தால் "ஐயா என்றோ அம்மா என்றோ கூப்பிடலாமே தம்பி" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், உடனே மாற்றிக்கொள்வார்கள். நீங்களும் முன்பின் தெரியாதவர்களை நீ, வா, போ என்று எழுதாதீர்கள். தட்டச்சில் அது நேரில் கேட்பதைவிடக் கடுமையாகத் தெரியும்.

குழுவில் எப்போதும் சண்டை. அதில் நான் எதற்கு?

சண்டைக்குள் போக வேண்டாம். அரசியல், மதம், சாதி என்று எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் நியாயம் சொல்லி யாரையும் மாற்றிவிட முடியாது, இரவுத் தூக்கம் போவதுதான் மிச்சம். கோபம் வந்தால் எழுதுங்கள், அனுப்பாமல் வையுங்கள், காலையில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டீர்கள். ஓயாமல் சண்டை நடக்கும் குழு என்றால் மியூட் செய்யுங்கள், அல்லது வேறு குழு தேடுங்கள். ஒருவர் உங்களையே குறிவைத்துத் தொல்லை செய்தால் பிளாக் செய்துவிட்டு அட்மினிடம் சொல்லுங்கள். பிளாக் செய்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். வீட்டுக் கதவைச் சாத்துவதில் என்ன மரியாதைக் குறைவு?

ஏமாற்றுக்காரர்கள் நிறைய என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் பயந்து எழுதாமல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிடாது. மோசடிக்காரர்கள் தேடுவது தனியாக இருப்பவரை, யாரிடமும் கேட்க முடியாதவரை. "இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, உண்மையா?" என்று குழுவில் கேட்கக்கூடிய ஆளை ஏமாற்றுவது கஷ்டம்.

அவர்களின் வழிகள் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கிற சூத்திரம் மாறுவதில்லை: அவசரம், பயம், ரகசியம். "உடனே செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்", "நீங்கள் கைதாகப் போகிறீர்கள்", "யாரிடமும் சொல்லாதீர்கள்." இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு பணம் கட்டச் சொல்ல மாட்டார். பேரன் குரலிலேயே அழுதுகொண்டு பணம் கேட்டாலும் வைத்துவிட்டு, அவனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள், இப்போது குரலையும் கணினியால் போலி செய்ய முடியும். குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யாருக்கும், குழு நண்பருக்கும் சொல்லாதீர்கள். "தவறுதலாக என் ஓடிபி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தெரிந்தவர் பெயரில் வந்தால், அவர் கணக்கு ஏற்கனவே திருடு போயிருக்கிறது, அடுத்தது உங்களுடையது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற இடத்தில் ஒரு ஆறு இலக்க எண்ணை நீங்களே வைத்துவிட்டால் திருடுவது கடினமாகிவிடும். இன்றே செய்ய வேண்டிய வேலை அது. உதவி செய்கிறேன் என்று சொல்லி உங்கள் திரையைப் பார்க்கும் செயலியைப் போடச் சொல்கிறவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். குழுவில் பழகிய ஒருவர் மாதக்கணக்கில் அன்பாகப் பேசி, சந்திக்க மட்டும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு கஷ்டம் என்று பணம் கேட்பார். துணையை இழந்தவர்களைத் தேடித்தான் வருவார்கள். பணம் என்ற சொல் வந்த உடனே பிள்ளைகளிடமோ நண்பரிடமோ வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிட்டாலும் மறைக்காதீர்கள், வங்கிக்கும் காவல்துறைக்கும் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

என்னைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

வேலை, அனுபவம், ரசனை, நினைவுகள் எல்லாம் தாராளமாக. வீட்டு முகவரி, பிறந்த தேதி, வங்கி, எப்போது ஊரில் இருக்க மாட்டீர்கள் என்பது, பேரக்குழந்தைகள் படிக்கும் பள்ளி, இவை வேண்டாம். பேரக்குழந்தை படம் போடுவதற்கு முன் அதன் பெற்றோரைக் கேளுங்கள். இதில் பல வீடுகளில் மனத்தாங்கல் வந்திருக்கிறது.

பெண்கள் எழுதினால் தெரியாதவர்கள் தனியாக மெசேஜ் அனுப்புகிறார்களே?

அனுப்புகிறார்கள், வயதையும் பார்ப்பதில்லை. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "வணக்கம்" என்று வந்தாலும் பதில் வணக்கம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. முகப்புப் படத்தில் உங்கள் முகத்துக்குப் பதிலாகப் பூவோ மரமோ இருக்கலாம், புனைபெயரில் எழுதலாம். யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் கட்டுப்படுத்தலாம்: வாட்ஸ்அப்பில் பிரைவசி, குரூப்ஸ் என்று போய் உங்களுக்குத் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். எண்ணைக் காட்டாமல் பேச முடிகிற குழுக்கள் இன்னும் நல்லது. இதையெல்லாம் செய்துவிட்டு எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், ஏற்கனவே பல குழுக்களில் ஆண்கள் குரல்தான் கேட்கிறது.

எந்த மாதிரிக் குழுவில் சேரலாம்?

குடும்பக் குழுவோடு நிற்காதீர்கள். அங்கே நீங்கள் அப்பா, பாட்டி, சித்தப்பா. வேறு எங்காவது வெறும் நீங்களாக இருக்க ஒரு இடம் வேண்டும். "முதியோர் குழு" என்றுதான் சேர வேண்டும் என்றும் இல்லை. வயதை வைத்துச் சேர்ந்தால் பேச்சு மூட்டு வலியில் போய் நிற்கும், ஆர்வத்தை வைத்துச் சேர்ந்தால் எல்லா வயதுக்காரர்களும் இருப்பார்கள்.

பேச்சைவிட வேலை பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களின் படப் பக்கம் ஒரு புறமும் கணினி படித்த எழுத்து மறு புறமும் இருக்கும், ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் பார்த்து முடித்த பக்கம் மஞ்சளாகும், இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சையாகும். பழைய எழுத்து வடிவங்களைத் தடுமாறாமல் படிக்கிறவர்களுக்கு இது அல்வா மாதிரியான வேலை. றா, ணை, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தை இளையவர்கள் எழுத்துக்கூட்டிப் பார்க்கிற நேரத்தில் நீங்கள் ஒரு பக்கத்தை முடித்துவிடுவீர்கள். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இப்படித் தன்னார்வலர்கள் உழைப்பில் வளர்ந்தவைதான். பறவை பார்க்கிறவர்களுக்குப் பார்த்ததைப் பதிவு செய்ய இபேர்டு, அறிவியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஆய்வுகளில் உதவ ஜூனிவர்ஸ் என்று இன்னும் இருக்கின்றன.

தனிமை போகுமா? ஞாபகசக்தி கூடுமா?

மருந்து மாதிரி வாக்குக் கொடுக்க மாட்டேன். உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது, அதில் இளைஞர்களும் நிறையப் பேர். ஆகவே நீங்கள் போடும் பதில் மறுமுனையில் இருக்கிற இருபது வயதுக்காரரின் தனிமையையும் குறைக்கலாம்.

ஞாபகசக்தி விஷயத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் என்பவர் நடத்திய ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சிலர் மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படக்கலையோ துணி ஒட்டுத் தையலோ கற்றார்கள், வேறு சிலர் கூடிப் பேசிப் பொழுது போக்கினார்கள். புதிதாக, கஷ்டமான ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான் நினைவாற்றல் கூடியது. அதனால் குழுவில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டே போவது உங்களை ஒன்றும் கூர்மையாக்காது. அங்கே யாரிடமாவது எதையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் மசாகோ வாகாமியா அப்படித்தான் செய்தார். 1935-இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தாயாரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்த காலத்தில் கணினி வாங்கி, இணையத்தில் மற்றவர்களோடு பேச ஆரம்பித்தார். பெரியவர்கள் விளையாட ஒரு நல்ல விளையாட்டு இல்லையே என்று இளையவர் ஒருவரைக் கேட்க, நீங்களே செய்யுங்கள் என்று பதில் வந்ததாம். இணையம் வழியாகவே கேட்டுக் கேட்டு நிரல் எழுதக் கற்று, 2017-இல், எண்பது கடந்த வயதில், ஐபோனுக்கு ஒரு விளையாட்டை வெளியிட்டார். அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் மாநாட்டுக்கே அவரை அழைத்தது.

நாள் முழுக்க போனிலேயே கிடந்துவிடுவேனோ?

கிடக்கலாம், வயது யாரையும் காப்பாற்றுவதில்லை. நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, உங்களுக்கு வசதியான நேரத்தில் நீங்களாகப் போய்ப் பாருங்கள். குழு எங்கும் ஓடிப்போகாது.

எனக்குப் பிறகு இந்தக் கணக்குகள் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள். பேஸ்புக்கில் உங்களுக்குப் பின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம், அல்லது அழித்துவிடச் சொல்லலாம். கூகுளில், இத்தனை மாதம் நான் நுழையாவிட்டால் இன்னாருக்குச் சொல், இன்னதைக் கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், 3 மாதம் முதல் 18 மாதம் வரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆப்பிளிலும் 2021 முதல் இதுபோல ஒரு வசதி உண்டு. நீங்கள் எழுதியதும் எடுத்த படமும் காப்பாற்றப்பட வேண்டும் என்றால் ஒரு பிரதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் கிடப்பது உங்கள் கையில் இருப்பதாகாது.

பிடிக்கவில்லை என்றால் விலகலாமா?

தாராளமாக. வாட்ஸ்அப்பில் இப்போது நீங்கள் விலகுவது அட்மினுக்கு மட்டும்தான் சொல்லப்படும். விடைபெறும் உரை எழுதிவிட்டு மறுநாளே திரும்பி வருவதைவிட அது மேல்.

நான் வயதானவன் இல்லை. என் அம்மாவைச் சேர்த்துவிட வேண்டும், எப்படி?

முதலில், போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம்: "கொடும்மா இங்கே" என்று பிடுங்கி, பத்து நொடியில் செய்துகாட்டி, "பார்த்தியா, சுலபம்" என்று திருப்பிக் கொடுப்பது. அவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், அவர் விரலே தொடட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம். செய்முறையை அவர் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் எழுத்தில் இருந்தால் பார்க்க மாட்டார்.

அவர் சேரும் குழுவில் நீங்கள் இருக்காதீர்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் அம்மா எழுத மாட்டார். அவர் எழுதியதை வீட்டில் வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள், பிழை திருத்தாதீர்கள். அவருக்குத் தெரிந்த விஷயம் பற்றிக் குழுவில் யாராவது கேள்வி கேட்டிருந்தால் அதை மட்டும் காட்டி, "இதற்கு உனக்குத்தானேம்மா பதில் தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.